மொகல் தெரு பழைய கட்டடம்: சுவர் ஊறுகிறது, இரும்பு உத்திரம் உரிகிறது. சிமென்ட் பூசலாமா?

கிட்டங்கி வாசல் கேட்டது:

ரங்கூன் அன்பர்களுக்கு வணக்கம். மொகல் தெருவில் (பலகையில் ஷ்வே போன் தா, நம் வீடுகளில் இன்னும் மொகல் தெருதான்) ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தமான மூன்று தளக் கட்டடம். பத்திரத்தில் 1912 என்று இருக்கிறது. செங்கல் சுவர், தரைத்தளத்தில் ஒன்றே முக்கால் அடி கனம். கீழ் இரண்டு தளங்களின் கூரை, இரும்பு உத்திரங்களுக்கு நடுவே செங்கல் வளைவு. மேல் தளத்தில் தேக்கு உத்திரம், தேக்குப் பலகை.

தெருப்பக்கச் சுவர் நாலடி உயரம் வரை ஊறியிருக்கிறது. பெயின்ட் வற்றல் மாதிரி சுருண்டு விழுகிறது, பின்னால் வெள்ளைப் பொடி. முன்பு யாரோ மூன்றடி உயரத்துக்குச் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். இப்போது அதற்கு மேலே ஈரம். முதல் தளக் கூரையில் உத்திரத்தின் அடியிலேயே நேர்கோடாக வெடிப்பு, காரை பாளம் பாளமாக விழுகிறது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு, மாடிப்படிச் சுவரும் தெருப்பக்கச் சுவரும் சேரும் மூலையில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல்.

கான்ட்ராக்டர் சொல்வது: எல்லாவற்றையும் கொத்திவிட்டு வாட்டர்புரூஃப் கலந்த சிமென்ட் பூச்சு, உத்திரங்களைச் சுற்றி கான்கிரீட், இரண்டே வாரம். அறங்காவலர் ஒருவர் செட்டிநாட்டு முறையில் முட்டை வெள்ளைக்கரு பூச்சு வேண்டும் என்கிறார். எது சரி?

இன்னொன்று. மலர் ஒன்று போடுகிறோம். லிம் சின் சோங் மாளிகை, செக்ரட்டேரியட், ஹைகோர்ட் இவற்றோடு நம் கட்டடத்தை ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுத வேண்டும். ஒரே காலம்தானே, ஒரே முறையில் கட்டியவையா?

பாயர் தெரு எழுதியது:

மலருக்கான கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். காரை, இரும்பு பற்றிப் பேச இங்கே கைத்தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒரே காலம் என்று பொதுவாகச் சொல்லிவிட வேண்டாம். செக்ரட்டேரியட் வேலை 1889-ல் தொடங்கி 1900-களின் முதல் சில ஆண்டுகள் வரை நீண்டது. வடிவமைத்தவர் ஹென்றி ஹோய்ன்-ஃபாக்ஸ். ஹைகோர்ட் 1905 முதல் 1911 வரை, ஜேம்ஸ் ரான்ஸம் வரைந்தது. இரண்டும் சர்க்கார் கட்டடங்கள். சிவப்புச் செங்கல் வெளியே தெரியும். ஜன்னல் வளைவு, பட்டை, விளிம்பு ஆகியவற்றில் மட்டும் வெளிர் நிறப் பூச்சு. அகன்ற தாழ்வாரம், உயர்ந்த கூரை. தாழ்வாரத்தை அழகுக்கு வைத்தது என்று எழுதிவிடாதீர்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊரில் அறைச் சுவரில் சாரல் படாமல் வைத்திருந்தது அதுதான்.

லிம் சின் சோங் மாளிகை வேறு ரகம். அவர் பர்மா ஆயில் கம்பெனியின் ஏஜென்ட். அரிசி, கப்பல் என்று பல தொழில்கள். மாளிகை எழுந்தது முதல் உலகப் போர்க் காலத்தில், கொக்கைன் என்ற பகுதியில், அன்றைக்கு அது ஊருக்கு வெளியே. நடுவில் அடுக்கடுக்காக ஏறும் சீனக் கோபுரக் கூரை. அதன் கீழே இருக்கும் உடம்பு ஐரோப்பியப் பங்களா. உள்ளே ஓவிய வேலை செய்ய எர்னஸ்ட் ப்ராக்டர், டாட் ப்ராக்டர் என்ற ஆங்கில ஓவியத் தம்பதியை 1919-20-ல் வரவழைத்தார். அவர்களோடு பர்மிய, சீன, இந்தியக் கைவினைஞர்களும் வேலை செய்தார்கள். சின் சோங் 1923-ல் இறந்துவிட்டார். கட்டியவர் அனுபவித்தது சில ஆண்டுகளே. கட்டடம் பின்னால் ஓட்டலாக இருந்து, நுண்கலைப் பள்ளியாக ஆனது.

உங்கள் கட்டடத்துக்கு உண்மையான உறவு இந்த இரண்டு வகையோடும் இல்லை. பான்ஸோடான் (பழைய பாயர் தெரு), மெர்ச்சன்ட் தெரு முனையில் 1906-ல் வந்த ஸோஃபேர் கட்டடம் மாதிரியான வணிகக் கட்டடங்களே அதற்குச் சொந்தம். கீழே கடை, மேலே ஆபீஸ் அல்லது தங்கும் இடம். ஸோஃபேரின் உத்திரங்கள் ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரிலிருந்தும், தரை ஓடுகள் மான்செஸ்டரிலிருந்தும் கப்பலில் வந்தவை. உங்கள் உத்திரத்தின் நடுத்தண்டைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். உருட்டாலையின் பெயர் புடைப்பு எழுத்தில் இருக்க வாய்ப்பு உண்டு: லனார்க்‌ஷயர் ஸ்டீல், டார்மன் லாங் என்று. அதைப் படம் பிடித்து மலரில் போட்டால் நான் எழுதும் பத்து வரியைவிட மேல்.

சிட்டி ஹாலை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது 1926-ல் தொடங்கி 1936-ல் முடிந்தது. பர்மியக் கட்டடக் கலைஞர் ஊ டின் அதற்குப் பியாத்தாட் அடுக்குக் கூரைகளைக் கொடுத்தார். காலமும் வேறு, மனநிலையும் வேறு: வெள்ளைக்காரன் வரைபடத்தின் தலையில் பர்மியக் கிரீடம். சின் சோங் தன் வீட்டில் சீனக் கூரையை வைத்துச் செய்த அதே வேலையை ஊர் பொதுக் கட்டடத்தில் செய்திருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதினால் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. 1930 மே 5 பெகு நிலநடுக்கத்தில் அடி வாங்கிய பிறகு செக்ரட்டேரியட்டின் நடு மாடம் திரும்பவும் கட்டப்படவில்லை. உயரத்தில் கனமாக நிற்பதுதான் முதலில் ஆடும். உங்கள் கைப்பிடிச் சுவரும் அந்த வகைதான், அதுவும் நடைபாதைக்கு நேர் மேலே.

காரைச்சட்டி எழுதியது:

கான்ட்ராக்டர் சொன்னதைச் செய்யாதீர்கள். ஏற்கெனவே மூன்றடிக்குச் சிமென்ட் பூசி என்ன ஆயிற்று என்று உங்கள் சுவரே எழுதிக் காட்டியிருக்கிறது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுவரின் முகம் வழியாக உலர வேண்டும். சிமென்ட் அந்த வழியை அடைத்தது. ஈரம் அதைத் தாண்டி மேலே போய் வாயைத் திறந்தது. இப்போது ஆறடிக்குப் பூசினால் அடுத்த தடவை ஏழடியில் பார்ப்பீர்கள். வெள்ளைப் பொடி உப்பு. தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு பளிங்காகிப் பருக்கிறது, செங்கல் முகத்தைத் தள்ளி உடைக்கிறது. அந்தக் காலச் செங்கல் மெத்தென்றது, சுண்ணாம்புச் சாந்து அதைவிட மெத்தென்றது. நடுவில் கல்லு மாதிரிச் சிமென்டை வைத்தால் தோற்பது செங்கல்தான்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இந்த வேலையில் முக்கால் பங்கு இதுதான், ஆனால் பில்லில் வராததால் யாரும் செய்வதில்லை. கூரைத் தண்ணீர் இறங்கும் வார்ப்பிரும்புக் குழாயின் சுவர் பக்கத்து முதுகைத் தடவுங்கள். வெடிப்பு எப்போதும் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கம்தான். பின் சந்துச் சாக்கடை அடைத்திருக்கிறதா பாருங்கள். மூன்றாவது, தெரு மட்டம். ரோட்டை மேலும் மேலும் போட்டு நடைபாதை உயர்ந்திருக்கும். சுவரில் தார் அல்லது பலகைக்கல் ஈரத்தடுப்புப் படை இருந்தால் அது இப்போது மண்ணுக்குள் புதைந்திருக்கும். வெளித்தரை அந்தப் படைக்கு அரையடியாவது கீழே இருக்க வேண்டும். நகராட்சி நடைபாதையை நீங்கள் தோண்ட முடியாது. அப்படியானால் சுவரை ஒட்டி ஒரு சாண் அகலத்தில் கல் நிரப்பிய வாய்க்கால் வைக்க அனுமதி கேளுங்கள்.

இதை முடித்த பிறகே பூச்சு. பழைய சிமென்டை உளி, சின்னச் சுத்தியலால் எடுங்கள், பிரேக்கர் மிஷின் வேண்டாம். ஈரக்கோட்டுக்கு மேலே ஒன்றரை அடி வரை எடுக்க வேண்டும். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது, கழுவினால் உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷால் தட்டி அள்ளுங்கள். பிறகு களிமண்ணும் மணலும் குழைத்துச் சுவரில் அப்பி, காய்ந்து உதிரும்வரை விட்டு எடுங்கள். அது உப்பை உறிஞ்சிக்கொண்டு வரும். இரண்டு மூன்று தடவை செய்தால் நல்லது. ஒரு வறண்ட பருவம் முழுக்கச் சுவரை வெறுமனே விட்டுவைக்கப் பொறுமை இருந்தால் இன்னும் நல்லது.

செங்கல் இடுக்கில் செத்த சாந்தை முக்கால் முதல் ஒரு அங்குல ஆழம் சுரண்டி எடுத்து, தண்ணீர் தெளித்து, புதுச் சாந்து அடையுங்கள். கிரைண்டர் போட்டால் செங்கல் ஓரம் போய்விடும். கலவை: ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத கூர்மணல் இரண்டு, செங்கல் தூள் அதாவது சுர்க்கி ஒரு பங்கு. ஈரச் சுவரில் சுர்க்கி இல்லாத வெறும் சுண்ணாம்பு இறுகத் தாமதமாகும். பூச்சுக்கும் இதேதான், ஒரு படைக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல், ஒரு படை இறுகி நகம் பதியாத நிலைக்கு வந்த பிறகு அடுத்தது. ஈரச் சாக்குத் தொங்கவிட்டுப் பத்து நாளாவது வெயில் படாமல் காக்க வேண்டும். வெயிலில் உலர்ந்தால் அது இறுகியது ஆகாது, வெறும் தூள்.

சுண்ணாம்பு வாங்குவதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கடையில் மூட்டையாக வரும் தூள் பல மாதம் காற்றுப் பட்டிருந்தால் பாதி ஏற்கெனவே சுண்ணாம்புக் கல்லாகத் திரும்பியிருக்கும். ஒரு தேக்கரண்டி எடுத்து வினிகர் விடுங்கள். நுரை பொங்கினால் அதை வேலிக்கு அடிக்க வைத்துக்கொள்ளுங்கள். சூளையிலிருந்து கட்டிச் சுண்ணாம்பு கிடைத்தால் அதை வாங்கித் தொட்டியில் நீற்றுவது மேல். தண்ணீரில் சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் வெடிக்கும். கண்ணாடி, கையுறை கட்டாயம். சல்லடையில் வடித்து, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் மூன்று மாதம் ஊற வையுங்கள். நீறாத கட்டி ஒன்று பூச்சுக்குள் போனாலும் பின்னால் அம்மைத் தழும்பு மாதிரிப் பொரியும்.

முட்டை விஷயம்: அது கடைசி மெழுகுப் படைக்கு. கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றும் வேலை. ஊறும் சுவருக்கு மருந்து இல்லை. அந்தச் சுவரைக் காயவைக்காமல் அதைப் பூசினால் முட்டைக் காசும் சேர்ந்து உரியும். அறங்காவலர் ஐயாவிடம் பணிவாகச் சொல்லுங்கள், உள் கூடத்தில் காய்ந்த சுவர் ஒன்றில் செய்துகொள்ளலாம். பூச்சுக்கு மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளைதான்.

ஜாக்கி முட்டு எழுதியது:

காரைச்சட்டி அண்ணன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. 1912 என்று பத்திரம் சொன்னாலும், பின்னால் கட்டிய பகுதி சிமென்ட் சாந்தாக இருக்கலாம். ஒவ்வொரு சுவரிலும் சாந்தைச் சாவி முனையால் சுரண்டிப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு, சாவி தேய்ந்தால் சிமென்ட். சிமென்ட் சுவரில் சுண்ணாம்புக் கலவைக்காக அலைய வேண்டியதில்லை.

இப்போது உத்திரம். கான்கிரீட் போட்டு மூடுவது இதில் மிக மோசமான யோசனை. துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். காரை நேர்கோடாக விழுவது அதனால்தான்: கீழ்ப்பட்டை பருத்துக் காரையைத் தள்ளுகிறது. துருவை உள்ளே வைத்து மூடினால் அது கான்கிரீட்டையும் தள்ளும், அதுவும் இன்னும் பெரிய பாளமாக. கூடுதல் எடை வேறு.

தொடுவதற்கு முன் முட்டு. ஒரு வளைவு பக்கத்து வளைவின் மேல் சாய்ந்துதான் நிற்கிறது. ஒன்றைக் கொத்தி எடுத்தால் இரண்டு பக்கமும் உள்ள உத்திரம் உள்ளே தள்ளப்படும், வரிசையாகச் சரியும். அதனால் வேலை செய்யும் கண்ணியோடு (இரண்டு உத்திரங்களுக்கு நடுவே உள்ள பகுதி) இருபுறமும் ஒவ்வொரு கண்ணிக்குப் பலகை வைத்து ஜாக்கி கொடுங்கள். அந்த ஜாக்கியின் பாரம் கீழ்த்தளக் கூரையில் நின்றுவிடாமல் தரை வரை இறங்க வேண்டும். கடைசிக் கண்ணியில் உத்திரத்திலிருந்து சுவருக்குப் போகும் இழுவைக் கம்பி இருக்கும். ஃபேன் மாட்டவோ பைப் போகவோ யாராவது அதை அறுத்திருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள். வளைவின் உச்சியில் நீளவாக்கில் விரிசல் தெரிந்தால் அதுதான் காரணம்.

சுத்தியலால் தட்டி ஏடு ஏடாக வரும் துருவை எடுத்து, மிச்ச இரும்பின் கனத்தைக் காலிப்பரால் அளந்து, நடுவில் ஒரு அளவு, இரண்டு முனையிலும் ஒவ்வொரு அளவு என்று ஒரு தாளில் குறியுங்கள். முனைதான் மோசமாக இருக்கும், ஏனென்றால் அது ஊறிய சுவருக்குள் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் இரும்பு பளிச்சென்று இருப்பதைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். அந்தத் தாளோடு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் போனால் அவர் கணக்குப் போட்டுச் சொல்வார்: துத்தநாகப் பிரைமரும் பெயின்டும் போதுமா, பக்கத்தில் சேனல் வைத்துப் போல்ட் போட வேண்டுமா என்று. வெல்டிங் வேண்டாம் என்பது என் கருத்து. அந்தக் கால உருக்கில் கந்தகமும் பாஸ்பரமும் எவ்வளவு என்று சோதிக்காமல் வெல்டு வைத்தால் பக்கத்திலேயே விரியும். தூண்கள் வார்ப்பிரும்பாக இருந்தால் பேச்சே கிடையாது.

மேல்தளத் தேக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. நடுவில் ஒன்றும் ஆகியிருக்காது. சுவருக்குள் போகும் முனையை ஊசியால் குத்திப் பாருங்கள், அரையங்குலம் எளிதாக இறங்கினால் உளுத்திருக்கிறது. தேக்கின் வைரம் கறையானுக்கு மசியாது, வெளுத்த ஓரக்கட்டை மசியும். முனையை வெட்டிப் புதுத் தேக்கு இணைக்கும்போது சுவர்க் குழியில் சுற்றிலும் ஒரு விரல் காற்றிடம் விடுங்கள். குழியைச் சாந்தால் அடைத்ததால்தான் முதல் முனையும் உளுத்தது.

கிட்டங்கி வாசல்:

மிக்க நன்றி. உத்திரத்தைத் தேய்த்ததில் "லனார்க்‌ஷயர்" வரை தெரிகிறது, மீதி துருவில் போய்விட்டது. குழாய் முதுகில் நீளமாக வெடிப்பு, காரைச்சட்டி அண்ணன் சொன்னபடியே. அரசங்கன்றை நாளைக்கே பிடுங்கிவிடலாமா? விரிசல் பற்றியும் சொல்லுங்கள். மேலே கால் அங்குலம், கீழே மயிரிழை.

ஜாக்கி முட்டு:

பிடுங்காதீர்கள்! வேர் சுவருக்குள் கைவிரல் மாதிரிக் கோர்த்திருக்கும், இழுத்தால் நாலு வரிசைச் செங்கல் கூடவே நடைபாதையில் விழும். தண்டை வெட்டி, வெட்டுவாய் ஈரம் காயும் முன் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை நீர்க்காமல் தூரிகையால் தடவி, பிளாஸ்டிக்கால் கட்டுங்கள். துளிர் வந்தால் மறுபடி. வேர் செத்துச் சுருங்கிய பிறகு மேல் வரிசைச் செங்கலைக் கையால் எடுத்து, வேரை உருவி, சுண்ணாம்புச் சாந்தில் திரும்ப வையுங்கள். அதுவரை கீழே மூங்கில் பந்தல் போட்டு ஆளை நடக்கவிடாதீர்கள்.

விரிசல் கவலை தருகிறது. மேலே அகலம், கீழே மயிரிழை, அதுவும் இரண்டு சுவர் சேரும் மூலையில் என்றால், தெருப்பக்கச் சுவர் வெளியே சாய்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். இன்றைக்கே தூக்குக்குண்டு விட்டு உச்சியிலும் அடியிலும் உள்ள இடைவெளியை அளந்து தேதியோடு குறியுங்கள். விரிசலின் குறுக்கே இரண்டு அங்குல அகலத்துக்கு மெல்லிய ஜிப்சம் பட்டை வைத்து அதிலும் தேதி போடுங்கள், மேலே ஒன்று, நடுவே ஒன்று. பட்டை உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. உடனே வெளியிலிருந்து சாய்முட்டு, பிறகு தளத்தையும் சுவரையும் இணைக்கும் கம்பி. உடையாமல் நின்றால், படுக்கை வரிசைகளில் துருப்பிடிக்காத கம்பி பதித்துச் சுண்ணாம்புக் கூழ் செலுத்தித் தைக்கலாம். வெளிச்சுவரில் சிலுவை வடிவிலோ வட்டமாகவோ பழைய இரும்புத் தகடு இருந்தால் அழகில்லை என்று கழற்றிவிடாதீர்கள், அதுதான் அந்தக் காலத்து இணைப்புக் கம்பியின் தலை.

பாயர் தெரு:

ஒரு சொட்டுச் சேர்க்கிறேன். 1996-ல் நகர வளர்ச்சிக் குழு தயாரித்த 189 பாரம்பரியக் கட்டடங்கள் பட்டியலில் உங்கள் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் முகப்பில் கை வைக்க அவர்களிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவுகோல் ஒன்றைச் சாய்த்து வைத்துப் படமெடுங்கள். அனுமதிக்கும் ஆகும், மலருக்கும் ஆகும்.

காரைச்சட்டி:

வரிசை தப்ப வேண்டாம்: குழாய் இந்த வாரமே, முட்டும் ஜிப்சம் பட்டையும் அதோடு. இரும்பு வேலை நவம்பரில். பூச்சு கடைசியில், டிசம்பர்-ஜனவரியில். சுண்ணாம்பை மட்டும் இப்போதே நீற்றித் தொட்டியில் போட்டுவிடுங்கள், மழைக்காலம் முழுக்க ஊறட்டும்.